எச்சமும் முடிபும்: கடலூர், சிதம்பரம் வட்டாரத்தை முன்வைத்துத் துண்டுத்துணி, காகிதம், பொத்தான் கைவினைகள் – ஒரு சொற்பொருள் நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தையலில் எஞ்சும் துணித்துண்டு, பயன்பட்டு முடிந்த காகிதம், பழைய சட்டையிலிருந்து கழற்றிய பொத்தான் ஆகியவற்றைக் கொண்டு செய்யப்படும் கைவினைகள் இன்று பெரும்பாலும் ‘கழிவுப்பொருட் கலை’ என்னும் தலைப்பின்கீழ் வைத்துப் பேசப்படுகின்றன. இப்பெயர் அப்பொருள்களின் இயல்பையும் அவற்றில் ஈடுபடும் உழைப்பையும் சரியாக உணர்த்துகிறதா என்பதே இக்கட்டுரையின் வினா. தமிழ் இலக்கண மரபில் வழங்கும் ‘எச்சம்’ என்னும் கருத்தாக்கம் இக்கைவினைகளை விளக்கப் பொருத்தமானது என்பதைப் பழந்தமிழ்ச் சொற்கள், சிதம்பரம் தேர்விழாவோடு தொடர்புடைய துணிவேலைப்பாடு, வடதமிழகக் கூத்தின் அணிகலன்கள், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் தோன்றிய ‘சுனாமிகா’ பொம்மை ஆகிய சான்றுகளின்வழி இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: எச்சம், கிழி, துன்னம், தொம்பை, பொத்தான், காகிதக்கூழ், சுனாமிகா, கைவினை உழைப்பு.

முன்னுரை

ஒரு தையற்கடையில் நாள்தோறும் விழும் துணித்துண்டுகளுக்குத் தமிழ்நாட்டில் ஒரே பெயர் இல்லை. தைப்பவர் ‘வெட்டுத்துணி’ என்பார். வீட்டில் அது ‘துண்டுத்துணி’ அல்லது ‘ஒட்டுத்துணி’ ஆகும். துணிக்கடையில் அளவு குறைந்த துண்டு ‘கட்பீஸ்’ என்னும் பெயரில் தனி விலை பெறும். ஆலையிலிருந்தும் பின்னலாடைக் கூடத்திலிருந்தும் மூட்டையாக வெளியேறினால் அதுவே ‘வேஸ்ட்’ ஆகி, இயந்திரம் துடைக்க எடைக்கணக்கில் விற்கப்படும். பொருள் ஏறக்குறைய ஒன்றே. பெயர் மாறும்போது அதன் மதிப்பும் மாறுகிறது.

இக்கருத்து கைவினைக்கும் பொருந்தும். பள்ளிக் கண்காட்சிகளிலும் மகளிர் குழுப் பயிற்சிகளிலும் துணித்துண்டு, காகிதம், பொத்தான் ஆகியவற்றால் செய்யப்படும் பொம்மை, தோரணம், பை, சுவரணி முதலியவை ‘கழிவிலிருந்து கலை’ என்றே அறிமுகம் பெறுகின்றன. திடக்கழிவு மேலாண்மை விதிகள், 2016 கழிவை அது தோன்றும் இடத்திலேயே தரம்பிரிக்க வேண்டும் என வலியுறுத்தின. நகர நிர்வாகத்திற்கு இது இன்றியமையாத ஏற்பாடு. ஆயினும் குப்பைத்தொட்டியை நோக்கிச் செய்யப்பட்ட ஒரு பகுப்பு, கைவினையைப் புரிந்துகொள்ளும் பகுப்பாகவும் ஆகிவிட்டால் அப்பொருளின் பண்பாட்டு வரலாறு மறைந்துபோகும். செய்பவரின் கூலியும் அப்பெயரால் பாதிக்கப்படும். கடலூர், சிதம்பரம் வட்டாரத்தையும் அதனைச் சூழ்ந்த கடற்கரையையும் களமாகக் கொண்டு இச்சிக்கலை அணுகுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். சொற்பொருள் ஆய்வும் விளக்கமுறை ஆய்வும் இதில் பின்பற்றப்படுகின்றன.

1. எச்சம் என்னும் கருத்தாக்கம்

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் ஒன்பதாம் இயல் எச்சவியல். முந்தைய எட்டு இயல்களில் கூறப்படாமல் எஞ்சிய இலக்கணங்களைத் தொகுத்துரைப்பதால் இப்பெயர் பெற்றது என்பது உரையாசிரியர் கொள்கை. அதாவது, எஞ்சியவற்றைக் கொண்டே ஓர் இயல் அமைக்கப்பட்டுள்ளது. அவ்வியலில் பிரிநிலை, வினை, பெயர், ஒழியிசை, எதிர்மறை, உம்மை, என, சொல், குறிப்பு, இசை என எச்சங்கள் பத்தாக வகுக்கப்படுகின்றன. இவற்றுள் வினையெச்சம் வினையையும் பெயரெச்சம் பெயரையும் கொண்டு முடிவன. ‘வந்து’ என்பது குறைபாடுடைய சொல் அன்று. தனக்குரிய முடிபை எதிர்நோக்கி நிற்கும் சொல்லாகும். எச்சம் என்பதன் இலக்கணப் பொருள் இதுவே.

திருக்குறளில் இச்சொல் வேறொரு விரிவைப் பெறுகிறது. நடுவுநிலைமை அதிகாரத்தில் ஒருவரின் தகுதி அவரது எச்சத்தால் அறியப்படும் என்னும் கருத்து வருகிறது. பரிமேலழகர் அங்கு எச்சம் என்பதற்கு மக்கட்பேறு எனப் பொருள் கொள்கிறார். புகழ் அதிகாரத்தில் ஒருவருக்குப் பின் நிற்கும் புகழே எச்சம் எனப்படுகிறது. மறுபுறம் பறவையின் கழிவையும் எச்சம் என வழங்கும் வழக்கு உண்டு. எனவே இச்சொல் எப்போதும் உயர்பொருளே தரும் என்று கொள்வதற்கில்லை. ஆனால் ‘கழிவு’ என்னும் சொல் கழிந்துபோனதை மட்டும் சுட்ட, ‘எச்சம்’ என்னும் சொல் நின்றதையும் சுட்டுகிறது. முன்னது ஒரு செயலின் முடிவு. பின்னது மற்றொரு செயலின் தொடக்கமாகவும் அமையக்கூடியது. துணித்துண்டின் நிலை இரண்டாவதற்கே நெருக்கமானது என்பதைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

2. பழந்தமிழ்ச் சொற்களில் துணித்துண்டு

தமிழில் ஆடையைக் குறிக்கும் சொற்கள் பல வெட்டுதல் என்னும் பொருளடியாகப் பிறந்தவை. ‘துணி’ என்பது துணித்தல் என்னும் வினையோடும், ‘அறுவை’ என்பது அறுத்தல் என்னும் வினையோடும் தொடர்புடையவை. தோளில் இடும் சிறிய ஆடை இன்றும் ‘துண்டு’ என்றே அழைக்கப்படுகிறது. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னும் சங்கப் புலவரின் பெயரில் அறுவை என்பது விலைமதிப்புள்ள வணிகப் பொருளைக் குறித்து நிற்கிறது. தறியிலிருந்து அறுத்தெடுத்த பின்னரே நெய்தது ஆடையாகிறது. ஆகவே தமிழ்ச்சொல் நோக்கில் முழு ஆடையும் ஒரு துண்டே. பெரிய துண்டு, சிறிய துண்டு என்னும் அளவு வேறுபாடு மட்டுமே உண்டு.

இத்துண்டுகளை இணைக்கும் செயலுக்கும் பழஞ்சொற்கள் உள்ளன. முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையில் யாழின் தோற்போர்வை இருபுறமும் கூட்டித் தைக்கப்பட்ட நிலை ‘பொல்லம்’ என்னும் சொல்லால் குறிக்கப்படுகிறது. அந்நூலிலேயே பொருநன் உடுத்திருந்த கந்தல், வேற்று நூல் நுழைந்த ‘துன்னல்’ உடையதாகவும் ‘சிதார்’ எனவும் வருணிக்கப்படுகிறது. கரிகாலன் அதனை நீக்கி, நூலிழை கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய ஆடையை அளிக்கிறான். இங்கு ஒட்டுத்தையல் வறுமையின் அடையாளமாகவே நிற்கிறது. துணித்துண்டுகளின் வரலாற்றை எழுதும் எவரும் இந்நிலையை மறைத்தல் ஆகாது. ஒட்டுப்போட்டு உடுத்துவது பலருக்கு விருப்பத்தால் அமைந்த கலை அன்று, வேறு வழியின்மையால் அமைந்த வாழ்வு.

ஆனால் இதற்கு இணையாக மற்றொரு மரபும் உண்டு. சிலப்பதிகார இந்திரவிழவூரெடுத்த காதை, புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த தொழிலாளரைப் பட்டியலிடுகிறது. துணி தைக்கும் துன்னகாரரையும் தோல் தைப்போரையும் அடுத்து, ‘கிழி’, ‘கிடை’ ஆகியவற்றால் பலவகைத் தொழில்களைக் குற்றமின்றிச் செய்வோர் தனியே சுட்டப்படுகின்றனர். கிழி என்பது துணி. கிடை என்பது நெட்டி. ஆடை தைப்பவர் வேறு, துணியாலும் நெட்டியாலும் கைவினைப் பொருள் செய்பவர் வேறு என்னும் தெளிவான தொழிற்பகுப்பு இங்குக் காணப்படுகிறது. கொள்ளிடத்திற்குத் தெற்கே, சிதம்பரத்திற்கு அணித்தான கடற்கரையில் அமைந்த ஒரு துறைமுக நகரைப் பற்றிய பதிவு இது. கிடைவேலை இன்றும் தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாடாகத் தொடர்கிறது. 2020ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. கிழிவேலைக்கு அத்தகைய தனிப்பெயர் நிலைபெறவில்லை.

கிழி என்னும் சொல் பெற்ற மற்றொரு பொருளும் கருதத்தக்கது. கிழிக்கப்பட்ட துணியில் பொன்னை முடிந்து புலவருக்கு அளிப்பது பொற்கிழி. விருது வழங்கும் விழாக்களில் இச்சொல் இன்றும் வழங்குகிறது. மதிப்பின் மிகச் சிறந்த அடையாளமாகிய பொன்னைத் தாங்குவதற்கு ஒரு கிழிந்த துண்டே போதும் என மரபு கருதியிருக்கிறது.

3. கடற்கரை வழி வந்த சொற்கள்

துணியைப் போலன்றிக் காகிதமும் பொத்தானும் பெயரோடு வெளியிலிருந்து வந்தவை. சிதம்பரத்திற்குக் கிழக்கே வெள்ளாற்று முகத்தில் அமைந்த பரங்கிப்பேட்டையைப் போர்த்துக்கீசியர் ‘போர்ட்டோ நோவோ’, அதாவது ‘புதிய துறைமுகம்’ என்றனர். 1690இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி கடலூரில் புனித டேவிட் கோட்டையைப் பெற்றது. இவ்விரு இடங்களையும் ஐரோப்பியர் நாடியதற்குத் துணி வாணிகம் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. துணி கடல்வழிச் சென்ற இக்கடற்கரைக்குச் சொற்கள் எதிர்த்திசையில் வந்தன.

‘பொத்தான்’ போர்த்துக்கீசிய மொழியின் ‘போட்டாவ்’ என்னும் சொல்லிலிருந்து வந்தது. பொத்தான் துளையைக் குறிக்கும் ‘காஜா’, அம்மொழியில் வீட்டையும் பொத்தான் துளையையும் ஒருங்கே குறிக்கும் ‘காசா’ என்பதோடு தொடர்புடையது. ‘கடுதாசி’ போர்த்துக்கீசிய வழியாகவும் ‘காகிதம்’ பாரசீக வழியாகவும் தமிழுக்கு வந்தன. பொல்லம் பொத்துதல் என்னும் பழந்தமிழ் வழக்கில் வரும் ‘பொத்து’ என்னும் வினைக்கும் பொத்தானுக்கும் ஒலியொப்புமையும் பொருளொப்புமையும் இருப்பினும், அதுகொண்டு பொத்தானைத் தமிழ்ச்சொல் என நிறுவ முற்படுவது பொருந்தாது. இரண்டும் தற்செயலாக ஒத்தவையே.

இச்சொல் வரலாறு கைவினைக்குத் தொடர்பற்றது அன்று. முடிச்சும் நாடாவும் கொண்டு இணைக்கப்பட்ட ஆடைமரபில், கழற்றிச் சேமிக்கத்தக்க ஒரு சிறு கடினப்பொருள் பொத்தான் வழியாகவே நுழைந்தது. ஆடை நைந்த பின்னும் பொத்தான் நைவதில்லை. அதனால் பழஞ்சட்டையைத் துடைதுணியாக்கும் முன் பொத்தான்களை அறுத்தெடுத்துத் தகர டப்பாவில் இட்டுவைப்பது தமிழ்க் குடும்பங்களின் வழக்கமாயிற்று. அந்த டப்பாவில் உள்ளது குப்பை அன்று. எந்தச் சட்டையின் எந்தப் பொத்தான் எப்போது அறுந்துவிழும் என்பது தெரியாத நிலையில் வைக்கப்பட்ட இருப்பு. பொம்மைக்குக் கண்ணாகவோ பைக்குப் பூட்டாகவோ பொத்தான் பயன்படும்போது அந்த இருப்பு ஒரு முடிபைப் பெறுகிறது.

4. சிதம்பரம்: தேரும் துணிவேலையும்

சிதம்பரம் நடராசர் கோயிலில் ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்திரா தரிசனம் ஆகிய இரு விழாக்களின் ஒன்பதாம் நாளில் தேரோட்டம் நிகழ்கிறது. விநாயகர், முருகன், நடராசர், சிவகாமி அம்மை, சண்டிகேசுவரர் ஆகியோருக்குரிய ஐந்து தேர்கள் நான்கு வீதிகளையும் சுற்றிவருகின்றன. கருவறைக்குரிய மூர்த்தியே தேரேறி வீதிக்கு வருவது இத்தலத்தின் தனிச்சிறப்பு. தேரின் அடித்தளம் மரச்சிற்பங்களால் ஆனது; ஆண்டு முழுதும் நிலையாக நிற்பது. அதன்மேல் மரக்கால்களும் கழிகளும் கொண்டு கட்டப்படும் மேற்பகுதியை நிறைப்பது துணி. விழா முடிந்ததும் அத்துணி இறக்கப்படும். தேரின் உயரத்தில் பெரும்பகுதி இவ்வாறு தற்காலிகமான துணிக்கட்டுமானமே.

தமிழகத் தேர்களையும் திருவீதி உலாக்களையும் அணிசெய்யும் இத்துணிவேலையில் தஞ்சாவூர்ப் பகுதிக் கைவினைஞர் பெயர்பெற்றவர். உருளை வடிவில் தொங்கும் ‘தொம்பை’, முகப்பில் கட்டும் ‘வாசமாலை’, மேற்கட்டியாகிய ‘அஸ்மானகிரி’, குடை, கொடி, தோரணம் ஆகியன அவர்தம் படைப்புகள். ‘அஸ்மானகிரி’ என்பதில் உள்ள ‘ஆஸ்மான்’ வானத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். கோயில் தேரின் மேற்கட்டிக்கு வழங்கும் பெயரிலேயே வேற்றுமொழித் துண்டு ஒன்று தைக்கப்பட்டிருப்பது கவனத்திற்குரியது.

இவ்வேலை துணிமேல் துணியை வைத்துத் தைக்கும் முறையைச் சார்ந்தது. சிவப்பு, மஞ்சள், வெள்ளை, பச்சை, கறுப்பு போன்ற அழுத்தமான நிறத் துணிகளிலிருந்து யாளி, அன்னம், மயில், தாமரை ஆகிய உருவங்கள் வெட்டப்பட்டு அடித்துணியின்மேல் பதிக்கப்படுகின்றன. நெடுந்தொலைவிலிருந்தும் அசைவிலும் காணப்பட வேண்டியது ஆதலால் நுண்கோட்டைவிட நிறப்பரப்புக்கே இதில் முதன்மை. இவ்விடத்தில்தான் சிறு துண்டுக்கு இடம் பிறக்கிறது. யாளியின் உடலை வெட்டியபின் எஞ்சும் துணியில் இலை கிடைக்கும். இலையின் எச்சத்தில் மொட்டு கிடைக்கும். மொட்டின் எச்சம் விளிம்பு முக்கோணமாகவோ புள்ளியாகவோ ஆகும். பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கும் இவ்வரிசையில் ஒவ்வொரு வெட்டும் இரண்டு வடிவங்களைத் தருகிறது. ஒன்று வெட்டியெடுத்தது, மற்றொன்று வெட்டுக்குப் பின் நின்றது.

ஒடிசாவின் பிபிலி துணிவேலையை இதனோடு ஒப்பிடலாம். புரி தேர்விழாவில் சகந்நாதர் தேர் சிவப்பு மஞ்சள் துணியாலும், பலபத்திரர் தேர் சிவப்பு பச்சைத் துணியாலும், சுபத்திரை தேர் சிவப்பு கறுப்புத் துணியாலும் போர்த்தப்படுகின்றன. அங்கு நிறமே தேரின் அடையாளம். பிபிலி என்னும் ஊர்ப்பெயரே கைவினையின் பெயராகி நாடெங்கும் அறியப்பட்டுவிட்டது. தமிழகத் தொம்பை வேலை தேரைக் காணும் இலட்சக்கணக்கானோர் கண்ணில் படுகிறது. எனினும் அதனைப் பெயர்சொல்லி அறிவோர் மிகச் சிலரே. அச்சிட்ட செயற்கை இழைத் துணியும் நெகிழிப் பதாகையும் அவ்விடத்தை நிரப்பும்போது இழப்பை உணர்வாரும் இலராகிவிடுவர்.

5. காகிதம்: முறத்திலிருந்து கூத்துமேடைவரை

காகிதத்தின் மறுபயன் தமிழ் வீடுகளில் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. பழைய காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து அரைத்து, அக்கூழை மூங்கில் முறத்திலும் கூடையிலும் பூசுவர். மூங்கில் பிளாச்சுகளின் இடைவெளி அடைபடும். பொடித் தானியம் சிந்தாது. முறம் நெடுநாள் உழைக்கும். வெந்தயத்தின் பசைத்தன்மை கூழைப் பிடித்துவைக்கிறது. அதன் கசப்பு பூச்சியைத் தடுக்கும் என்பது வழிவழி நம்பிக்கை. அழகுக்காக அன்றிப் பயனுக்காகத் தோன்றிய இந்நுட்பமே காகிதக்கூழ்க் கைவினைகளின் அடிப்படையும் ஆகும். அண்டைப் பகுதியான புதுச்சேரியின் திருக்கனூர்க் காகிதக்கூழ்க் கைவினை புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது.

கடலூர், விழுப்புரம் வட்டாரங்களில் திரௌபதி அம்மன் விழாக்களை ஒட்டி நிகழும் தெருக்கூத்து மற்றொரு சான்று. கூத்தரின் கிரீடம், தோளணியாகிய புஜக்கட்டை, மார்பணி ஆகியன கல்யாண முருங்கை போன்ற எடைகுறைந்த மரத்தில் செய்யப்பட்டு, கண்ணாடித் துண்டுகளாலும் மினுக்கும் வண்ணக் காகிதத்தாலும் அணிசெய்யப்படுகின்றன. இரவு முழுதும் ஆடும் கலைஞரின் உடல் தாங்கத்தக்க எடை, விளக்கொளியில் மின்னத்தக்க பரப்பு என்னும் இரு தேவைகளையும் இவ்வெளிய பொருள்கள் நிறைவு செய்கின்றன. இங்கு காகிதம் பொன்னுக்கு மாற்றாக மட்டும் நிற்கவில்லை. உண்மைப் பொன்னால் செய்த கிரீடத்தை அணிந்து விடியும்வரை சுழன்றாட எவராலும் இயலாது. பொருளின் மலிவு அன்று, அதன் இலேசான தன்மையே தேர்வுக்குக் காரணம்.

6. செய்முறையின் இலக்கணம்

துண்டுகளைக் கொண்டு செய்யும் கைவினை, முழுத்துணி கொண்டு செய்வதைவிட எளிது என்னும் எண்ணம் பரவலாக உண்டு. செய்முறையை நோக்கின் இதற்கு மாறான உண்மை புலப்படும்.

முதலாவது, தரம்பிரித்தல். புதிய பருத்தித்துணி நனைந்தால் சுருங்கும். செயற்கை இழை அவ்வளவு சுருங்காது. இரண்டையும் நனைக்காமல் இணைத்தால் முதல் சலவையிலேயே தையல் இழுபட்டுத் துணி சுருக்கம் காணும். ஆகவே கனம், இழை, சாயம் ஆகிய மூன்றையும் நோக்கித் துண்டுகளைப் பிரித்தல் வேண்டும். சாயம் கசியும் துண்டை வெள்ளைத் துண்டின் அருகே வைத்தல் கூடாது.

இரண்டாவது, இழைநோக்கு. நெசவில் பாவு நூலும் ஊடு நூலும் செல்லும் திசைகளில் துணி அதிகம் இழுபடாது. குறுக்குச் சாய்வில் இழுபடும். முழுத்துணியில் கரை இருப்பதால் திசை எளிதில் தெரியும். கரையற்ற துண்டில் ஒரு நூலை உருவிப் பார்த்தோ இழுத்துப் பார்த்தோதான் திசையை அறிய வேண்டும். கடலூர் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடியில் நெய்யப்படும் கைலியின் கட்டங்கள் இவ்வகையில் உதவுவன. கட்டத்தின் கோடே பாவையும் ஊடையும் காட்டிவிடும்.

மூன்றாவது, காகித மாதிரி. பழைய செய்தித்தாளில் உருவத்தை வரைந்து வெட்டி, அதனைத் துணிமேல் வைத்துத் தையல் சுண்ணக்கட்டியால் கோடிடுவர். மடிப்புக்காகக் கால் அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டி, விளிம்பை உள்மடித்துத் தைத்தால் இழை பிரியாது. இங்குக் காகிதம் முடிவுப் பொருளில் காணப்படுவதில்லை. ஆனால் அதுவின்றி வடிவம் இல்லை.

நான்காவது, பொத்தான். பொத்தானைத் துணியோடு ஒட்டி இறுகத் தைத்தால் துணி சுருங்கும். துணிக்கும் பொத்தானுக்கும் இடையே சிறிது இடம் விட்டுத் தைத்து, அவ்விடை நூலைச் சுற்றி முடிதல் முறை. மெல்லிய துணியாயின் பின்புறம் ஒரு சிறு ஒட்டுத்துணி வைத்துத் தைப்பர். பொத்தானின் இழுப்பைத் தாங்குவது கண்ணுக்குத் தெரியாத அத்துண்டே.

இந்நான்கையும் ஒருசேர நோக்கினால், துண்டு வேலையில் ஒவ்வொரு துண்டும் அடுத்ததன் இயல்பை அறிந்தே இணைய முடியும் என்பது தெளிவாகும். எச்சச் சொல் தனக்கேற்ற முடிபைக் கொள்வது போன்றதே இது. பெயரெச்சத்தை வினை கொண்டு முடித்தால் தொடர் வழுவாகும், பொருந்தாத துண்டுகளை இணைத்தால் தையல் வழுவாகும். நூல் இயற்றும் புலவரைப் பஞ்சில் நூல் நூற்கும் பெண்ணோடு நன்னூற் பாயிரம் உவமித்திருப்பதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. மொழி வேலையையும் நூல் வேலையையும் இணைத்துக் காண்பது தமிழ்மரபுக்குப் புதிதன்று.

7. சுனாமிகா: விலைக்கு வராத பொம்மை

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை சோழமண்டலக் கடற்கரையைத் தாக்கியபோது, தமிழகத்தில் நாகப்பட்டினத்தோடு கடலூர் மாவட்டமும் பேரிழப்பைச் சந்தித்தது. தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை போன்ற மீனவ ஊர்கள் உயிரையும் உடைமையையும் இழந்தன. கடலூருக்கு வடக்கே, அதே கடற்கரையை ஒட்டிய ஆரோவில்லில் இயங்கும் உபாசனா என்னும் ஆடை வடிவமைப்பு நிறுவனம், 2005இல் அதன் நிறுவனர் உமா பிரசாபதியின் முன்னெடுப்பில் சுற்றுவட்டார மீனவப் பெண்களுக்கு ஒரு பயிற்சியைத் தொடங்கியது. ஆடைத்தொழிலில் எஞ்சிய துணித்துண்டுகளைக் கொண்டு உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு பொம்மை செய்வதே அப்பயிற்சி. அப்பொம்மை ‘சுனாமிகா’ எனப் பெயர் பெற்றது.

இம்முயற்சியில் இரண்டு செய்திகள் இக்கட்டுரைக்கு முதன்மையானவை. ஒன்று, கடலைக் கண்டு அஞ்சிச் செயலற்றிருந்த பெண்களுக்குக் கையால் ஒன்றைச் செய்வது ஆறுதலாகவும், அதே வேளையில் வருவாயாகவும் அமைந்தது. மற்றொன்று, சுனாமிகா விற்கப்படுவதில்லை. அது அன்பளிப்பாகவே வழங்கப்படுகிறது. பெறுபவர் விரும்பி அளிக்கும் நன்கொடையால் செய்பவரின் ஊதியமும் முயற்சியின் தொடர்ச்சியும் தாங்கப்படுகின்றன.

துணி எஞ்சியது, செய்தவர் எஞ்சியவர். உயிர் பிழைத்தவரை ‘எஞ்சியோர்’ என்றே தமிழ் வழங்கும். இவ்விரு எச்சங்களும் ஒன்றையொன்று கொண்டு முடிந்த நிகழ்வாகச் சுனாமிகாவைக் காணலாம். அந்தப் பொம்மையைக் கழிவுப்பொருட் கலை என்று மட்டும் வகைப்படுத்தினால் துணியின் கணக்கு சரியாக இருக்கும். பெண்களின் கணக்கு விடுபட்டுப்போகும்.

8. பெயரும் கூலியும்

துண்டுத்துணிப் பொருள்களுக்கு விலை குறிக்கும்போது பொதுவாக நிகழும் பிழை ஒன்று உண்டு. துணிக்கு விலை இல்லை. ஆகவே பொருளுக்கும் பெருவிலை இருத்தலாகாது என வாங்குவோர் கருதுகின்றனர். மூலப்பொருளின் விலையை உழைப்பின் விலையாகக் கொள்ளும் பிழை இது. முந்தைய பகுதியில் கண்டவாறு, துண்டு வேலைக்குத் தரம்பிரித்தல், இழைநோக்கல், மாதிரி வெட்டல், இணைத்தல் ஆகியவற்றில் முழுத்துணி வேலையினும் கூடுதல் நேரம் செலவாகிறது. துணியில் மிச்சமாகும் பணம் நேரத்தில் செலவாகிவிடுகிறது. அந்நேரம் பெரும்பாலும் பெண்களுடையது. வீட்டுவேலைகளுக்கு இடையே கழிவது. ஆதலால் கணக்கில் ஏறாதது. தையல் என்னும் சொல் தமிழில் தைக்கும் தொழிலையும் பெண்ணையும் ஒருங்கே குறிப்பது இந்நிலையின் பழமையை உணர்த்தும்.

பழையது என்பதாலேயே மதிப்புக் குறையும் என்பதும் எல்லா இடத்திலும் உண்மை அன்று. பிறந்த குழந்தைக்கு முதலில் சுற்றுவது பலமுறை துவைத்து மென்மையேறிய பழந்துணியே. தூளி கட்டுவதற்குப் பாட்டியின் நூற்சேலை தேடப்படும். கார்த்திகை விளக்குக்குப் பழைய வேட்டியைக் கிழித்துத் திரித்த திரி நன்றாக எண்ணெய் ஏற்கும். இவ்விடங்களில் புதுத்துணி தகுதியற்றது, பழையதே தகுதியுடையது. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்னும் பழமொழி வறுமையிலும் தூய்மையை வலியுறுத்துவதோடு, கந்தையை எறிந்துவிடச் சொல்லவில்லை என்பதையும் காட்டுகிறது. ‘கந்தை’யோடு தொடர்புடைய ‘காந்தா’ என்னும் சொல் வங்கத்தில் பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் போர்வையின் பெயராகி உலகப் புகழ் பெற்றது. தமிழில் அச்சொல் இழிவுப் பொருளிலேயே தங்கிவிட்டது.

காந்தியடிகளின் ஆதாரக்கல்வித் திட்டம் 1937ஆம் ஆண்டு வார்தா மாநாட்டில் முன்வைக்கப்பட்டபோது, கைத்தொழிலைக் கல்வியின் மையத்தில் வைத்தது. பள்ளியில் கைவேலை கற்பிப்போர் இன்று துண்டுத்துணியையும் பொத்தானையும் மாணவர்முன் வைக்கும்போது எந்தப் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்துகிறார்கள் என்பது சிறிய செய்தி அன்று. கழிவு என்று கற்ற மாணவர் அப்பொருளைச் செய்தவருக்கும் கழிவு விலையே தருவார்.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு:

1. தமிழில் ஆடையைக் குறிக்கும் துணி, அறுவை, துண்டு ஆகிய சொற்கள் வெட்டுதலின் அடியாகப் பிறந்தவை. துண்டு என்பது ஆடையின் இழிந்த நிலை அன்று, ஆடையின் இயல்பான நிலை.

2. சிலப்பதிகாரம் துன்னகாரரினும் வேறாகக் கிழிவேலை செய்வோரைச் சுட்டுகிறது. துணிகொண்டு கைவினைப் பொருள் செய்தல் தனித்தொழிலாக மதிக்கப்பட்டமைக்கு இது சான்று. எனினும் பொருநராற்றுப்படை காட்டும் ஒட்டுத்தையல் வறுமையின் அடையாளம். இவ்விரு நிலைகளையும் ஒன்றாகக் குழப்புதல் ஆகாது.

3. தேர்த்துணி வேலை, முறம் பூசுதல், கூத்தணி, சுனாமிகா ஆகியவற்றில் எளிய பொருள் தேர்ந்தெடுக்கப்படுவதற்கு மலிவு மட்டும் காரணமாகாது. அசைவு, இலேசு, ஒட்டும் தன்மை, ஆறுதல் எனக் காரணங்கள் வேறுபடுகின்றன.

4. முடிபை எதிர்நோக்கி நிற்பது என்னும் பொருளுடைய ‘எச்சம்’ இக்கைவினைகளின் மூலப்பொருளைக் குறிக்கக் ‘கழிவு’ என்பதினும் பொருத்தமானது. எச்சத்துணி, எச்சக்காகிதம் என்னும் வழக்குகளைக் கைவினைக் கல்வியிலும் பயிற்சி ஏடுகளிலும் கொள்ளலாம்.

5. தொம்பை, வாசமாலை, அஸ்மானகிரி, காஜா போன்ற தொழிற்சொற்களும் அவற்றின் செய்முறைகளும் வட்டாரவாரியாகத் தொகுக்கப்பட வேண்டியவை. தைப்போரின் வாய்வழக்கில் வாழும் இச்சொற்கள், தொழில் மாறும்போது தொழிலுக்கு முன்பே மறைந்துவிடும்.

சிதம்பரத்தில் தேர் நிலைக்கு வந்தபின் துணிகள் இறக்கி மடிக்கப்படுகின்றன. சாயம் மங்கியதும் நைந்ததும் பிரிக்கப்பட்டு, தேறியவை அடுத்த விழாவுக்கு வைக்கப்படலாம். எது தேறும், எது தேறாது என்று முடிவு செய்யும் கண்ணே இக்கைவினையின் முதற்கருவி. அக்கண்ணுக்கு உரியவரின் பெயரையும் சொல்லையும் கூலியையும் சேர்த்தே பதிவுசெய்வது இத்துறையில் இனி நிகழவேண்டிய ஆய்வாகும்.